முனிலட்சுமி கழற்றின கம்பளி

என் ஓரகத்தி முனிலட்சுமி, யார் எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் நம்புகிற ஆள் இல்லை. அதனால்தான் ஜவளகிரியில் எங்கள் மல்பெரித் தோட்டம் பிழைத்தது. வேறு மாதிரி யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூடவே இருந்து பார்த்தவள் நான்.

அறுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மழை. பட்டுப்புழு கூடு கட்டும்போது யார் கண்ணும் படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஜன்னல், வாசல் எல்லாத்துக்கும் மாமியார் கம்பளி கட்டிவிடுவார். கூடு மஞ்சளாக, கெட்டியாகத்தான் வந்தது. ஆனால் நூல் எடுக்கிற திம்மப்பன் அதை வெந்நீரில் போட்டு நுனியை இழுத்தால், பட்பட்டென்று அறுந்தது.

"அண்ணா, இது கூடா, கொட்டாங்கச்சியா?" என்றார் என் மாமனாரிடம்.

முன்னாடி தடவையும் அப்படித்தான். மாமனார் திம்மராயன் சொல்லிவிட்டார்: "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா, செடியைப் பிடுங்கிட்டு கேழ்வரகு போட்டுடுவேன்." முனிலட்சுமிக்கு முகம் செத்துப்போச்சு. அந்தச் செடி அத்தனையும் அவள் கையால் நட்டது.

கார்த்திகைத் தூறலில் அடுத்த வளர்ப்புப் புழு தீனியை விட்டு, பழுத்துக் கூடு கட்ட ஆரம்பித்தது. மாமியார் கம்பளி கட்டியாச்சு. அன்றைக்குப் பார்த்து, அரசாங்கப் பட்டுப் பண்ணை அருள்ஜோசப் சார் சைக்கிளில் வந்தார். கம்பளியைத் தொட்டார், நசநசவென்று ஈரம்.

"இதாலதாம்மா நூல் அறுந்திருக்கு."

"கம்பளி ஜன்னல்ல தொங்குது. நூல் புழு வயித்துல இருக்கு. எப்படி சார்?" என்றாள் முனிலட்சுமி.

"வயித்துல நூல் இல்லம்மா, கூழ்தான்."

அவள் நம்பவில்லை. நோஞ்சான் புழு ஒன்றை எடுத்துக் கீறினாள். உள்ளே கோந்து மாதிரி இருந்தது. ரெண்டு விரலால் இழுத்தாள். இழுக்க இழுக்க இழையாச்சு. வெந்நீரில் போட்டுப் பார்த்தாள், கரையவில்லை.

"ஏன் சார் திரும்பக் கூழாகல?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். "அந்தக் கூழ் புரதம்மா. புரதம்னா இப்படி ஒரு மணி வரிசை. கூழ்ல தாறுமாறாக் கிடக்கும்." அதைப் பாயில் மடித்து மடித்து வைத்தார். "புழு தலையை ஆட்டி இழுக்கறப்ப இப்படிப் பக்கத்துல பக்கத்துல படுத்து, ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும். மடிப்புமேல மடிப்பு அடுக்கி இறுகினா தண்ணி நுழையாது. அதான் நூல்."

"அப்ப அறுந்தது ஏன்?"

"நூலைச் சுத்திப் பசை இருக்கு. அதுவும் புரதம்தான். அது அடுக்காகறதுக்குள்ள சட்டுனு காஞ்சிடணும். அப்பதான் வெந்நீர்ல கரைஞ்சு நூலை விடும். கம்பளி காத்தை மறிச்சு, ஈரத்துல மெதுவாக் காஞ்சா அதுவும் அடுக்கிக்கிட்டு இறுகிடும்; நூலை விடாது, இழுத்தா அறுந்துடும்."

முனிலட்சுமி எழுந்துபோய்க் கம்பளியைக் கழற்றினாள்.

"ஏண்டி, ஊர்க்கண்ணு பட்டா?" என்று மாமியார் கத்தினார்.

"கண்ணு பட்டா சுத்திப் போடலாம் அத்தை. ஈரம் பட்டா என்ன பண்றது?"

மாமியார் ஜன்னலில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தடவை திம்மப்பன் இழுத்த நூல் அறுபடாமல் ஓடியது. மாமனார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "கேழ்வரகு விதையை யாராவது கேட்டா குடுத்துடு" என்றார்.

எலுமிச்சம்பழத்தால்தான் நடந்தது என்று மாமியார் கடைசிவரை சொன்னார். முனிலட்சுமி மறுக்கவில்லை. ஒவ்வொரு வளர்ப்புக்கும் பழத்தை அவளே வாங்கி வந்து கொடுத்தாள். கம்பளியை மட்டும் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.