'நல்லா இருக்குங்க' என்ற பிறகு

செய்தி வந்தபோது ஒரு பனியன் கம்பெனியில் இருந்தேன். "தம்பி, மும்தாஜ் தவறிட்டாங்க" என்றார் போனில் எங்கள் முதலாளி. மும்தாஜுக்கு உடம்பு முடியாமல் இருந்தது தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை.

எங்கள் சின்ன அலுவலகம் திருப்பூர் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுக்கிறது. அதை உபயோகிக்கப் போகிறவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துச் சோதிப்பது மும்தாஜின் வேலை. அதிலுள்ள சிரமம் அவருடன் பழகியவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் எதைக் கொடுத்துக் கேட்டாலும் "நல்லா இருக்குங்க" என்பார்கள். நாங்கள் அதை நம்பிக் கிளம்பிவிடுவோம். அவர் எழுந்திருக்க மாட்டார். "அது வந்தவங்களுக்குக் குடுக்குற மரியாதைங்க. பதில் இனிமேத்தான் வரும்" என்பார்.

தையலில் பழுதான பீஸ்களைப் பதிவு செய்யும் செயலி ஒன்றை ஒரு கம்பெனிக்கு மறுநாள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அது. அங்கே தைத்து வரும் பீஸ்களைச் செக்கிங் செய்யும் செல்வி என்ற பெண் வழக்கம்போல நல்லா இருக்குங்க என்றார். "அப்படீங்களா? பக்கத்து டேபிள் பொண்ணுக்கு ஒருக்கா சொல்லிக் குடுங்க" என்றார் மும்தாஜ். செல்வி குரலைத் தாழ்த்தி அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "இந்தச் செவப்பு பட்டன்ல மட்டும் கை பட்டுராம பாத்துக்க கண்ணு. நல்ல பீஸும் டேமேஜுல ஏறிக்குது, திருப்பி எடுக்க முடியல. பாவம், தெச்ச டைலர் பேருதான் கெட்டுப்போகுது."

மும்தாஜ் அங்கிருந்தே எங்கள் முதலாளியைப் போனில் கூப்பிட்டார். "நாளைக்குக் குடுக்க முடியாதுங்க. நம்ம அவசரத்துக்கு ஒரு டைலர் வேலை போகக் கூடாதுங்க." முதலாளி கத்தியது எனக்கே கேட்டது. ஆர்டர் கைநழுவியது. அவர் மும்தாஜிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, மும்தாஜ் சரி என்று சொல்லாமல் எதையும் வெளியே விடாதவரும் அவர்தான்.

மும்தாஜ் இறந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் ஜாபரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பரவாயில்லீங்க, நல்லா இருக்கேனுங்க" என்றார். வந்தவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நான் கிளம்பவில்லை. மும்தாஜிடமிருந்து எனக்கு மிஞ்சியது இப்படி உட்கார்ந்திருப்பது ஒன்றுதான்.

வெகுநேரம் கழித்து ஜாபர் பேசினார்.

"காலையில அவ செல்லுல அலாரம் அடிக்குதுங்க. நிறுத்தத் தெரியாம இல்லீங்க. நிறுத்திட்டா, இனி அவ எந்திரிக்கமாட்டாள்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்களே."