சீதன லொறிக்குப் பெயரிங் தேடிய கதை

கல்முனைக்குடியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். எங்கள் வீட்டில் என் வாப்பாவும் என் வீட்டுக்காரரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள், ஆனால் நேருக்கு நேர் கதைக்க மாட்டார்கள். மரியாதையாம்! "மகள், மருமகன் சாப்பிட்டாரா எண்டு கேளு" என்பார் வாப்பா. "ஓம் எண்டு சொல்லு" என்று பக்கத்து அறையிலிருந்து இவர் சொல்லுவார். நடுவில் தபால்காரி நான்.

என் சீதனத்தோடு வாப்பா ஒரு பழைய ஆமி லொறியும் கொடுத்திருந்தார். பின்சக்கரத்தோடு முன்சில்லும் சேர்ந்து இழுக்கிற லொறி. சம்மாந்துறை வயல்வட்டைச் சேற்றுக்குள் இறங்கி நெல் ஏற்றி வர அதை விட்டால் வேறு லொறி கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு அறுவடை நேரம் பார்த்து, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி ஊளையிடத் தொடங்கியது. உள்ளே தண்டு சுழலத் தாங்குகிற பெயரிங் போய்விட்டது. எங்கள் நெல்லோ சூடடித்து, மூட்டை கட்டி, வயல் களவெட்டியில், தூறலுக்கு மட்டும் தாங்குகிற ஒரு படங்குத் துணியின் கீழே கிடக்கிறது. வானம் வேறு கறுக்கிறது. பெருமழை விழுந்தால் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும். அந்த நெல்தான் எங்களுக்கு அந்த வருடத்துச் சோறு.

இவர் லேசுப்பட்ட ஆளா? முற்றத்தில் சாக்கை விரித்துப் பெட்டியைப் பிரித்துப் போட்டார். அடியில் கிடந்த தகட்டுத் துண்டுகளைக் குப்பையென்று வழித்தெறிந்தார். பழைய பெயரிங்கைத் துடைத்து, அதில் வெட்டியிருந்த நம்பரைப் பார்த்து, லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு கொழும்பு பஸ் ஏறினார். அதே நம்பரில் புதியது வாங்கி, கலியாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார். மாட்டிப் பார்த்தால் லொடலொட என்கிறது.

"நம்பர் சரி. தண்டில சரியா ஏறுது. குழிக்குள்ள மட்டும் ஆடுது. இதென்ன முசீபத்து!" என்று தலையில் கை வைத்தார்.

வாப்பா வீட்டுக்குள் நடந்தார், இருமினார், வாசல் வரை போய்த் திரும்பினார். தூறல் போட்டதும் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"மகள், அது ட்ரக்டர் பெயரிங். ஒரு வெள்ளாமைக்குள்ள அவசரத்துக்கு நான்தான் மாட்டின. சுத்தளவு காணாது. வெறும் பால்பேணி டின்னை வெட்டி, அந்தத் தகட்டைச் சுத்தி இறுக்கின. மருமகன் குப்பையெண்டு எறிஞ்சது அதைத்தான்."

"யா அல்லாஹ்! அதை முதல்லயே சொன்னா என்ன வாப்பா?"

"சீதனமாக் குடுத்த சாமானுக்குள்ள பால்பேணி கிடக்கெண்டு எந்த முகத்தோட மகள் சொல்ற? நீ பதமாச் சொல்லு."

எனக்கு வந்ததே கோபம்! "நீங்களே போய்ச் சொல்லுங்க. என்ட தபால் கந்தோரைப் பூட்டியாச்சு" என்றேன்.

வாப்பா கட்டிலுக்கடியில் துழாவி, முந்திக் கழற்றிய அசல் பெயரிங்கின், நம்பர் வெட்டிய உடைந்த வளையத்தை எடுத்தார். முற்றத்தில் இறங்கினார். இவர் பதறி எழும்பி, மடித்துக் கட்டியிருந்த சாரனை இறக்கிவிட்டார்.

"மருமகன்" என்றார் வாப்பா. முழுக் கதையையும் சொல்லி வளையத்தை நீட்டினார்.

இவர் வளையத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பால்பேணித் தகட்டோடயா மாமா இவ்வளவு காலமும் ஓடின?"

"ஓம் மருமகன்."

"நீங்க பொல்லாத ஆள் மாமா!" என்று இவர் சிரித்தார். வாப்பாவும் சிரித்துவிட்டார்.

இரண்டு பேரும் ஒன்றாக அக்கரைப்பற்று பஸ் ஏறினார்கள். கொழும்பு வரை போனவருக்கு, சரியான பெயரிங் இந்தக் கிட்டத்து ஊரிலேயே ஒரு கடை ராக்கைத் தட்டில் தூசி பிடித்துக் கிடந்தது. கொண்டுவந்து மாட்டினால், குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. தூறலோடு தூறலாக வட்டைக்குப் போனார்கள்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் லொறி ஊளையில்லாமல் வந்து நின்றது. மேலே மூடியிருந்த படங்கை விலக்கினால் மூட்டையெல்லாம் காய்ந்தபடி. கூலிக்காரர் இறக்கி உள்ளே அடுக்கி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் பார்க்கிறேன், இரண்டு பேரும் லொறியின் முன்சீட்டை விட்டு இறங்கவில்லை.

"தேத்தண்ணி ஆறுது!" என்று கத்தினேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. கைகளை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

உம்மா என் கையைப் பிடித்தார். "விடு புள்ள. கலியாண நாள் தொட்டு மனசுக்குள்ள சேந்து கிடந்த கதை."