ஆறு டஜன் வளையல்

அப்போது எனக்கு வயது ஒன்பது. அம்மாவுக்கு மாதம் ஒன்பது. வீட்டில் எல்லோருக்கும் அம்மாவின் மாதம்தான் கணக்கு. மாதுளம்பழம் வந்தால் வயிற்றில் இருப்பதற்கு. கட்டிலும் அதற்குத்தான். எனக்குத் தரையில் பாய்.

மறுநாள் வளைகாப்பு. எழுமலை கடைவீதியில் அத்தை ஆறு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தாள். எனக்கு ரெண்டு கேட்டேன்.

"போடி, இது பாப்பாவுக்கு சத்தம் கேக்குறதுக்கு. நீ என்ன வயித்துக்குள்ளயா கெடக்க?" என்றாள்.

பிறக்காத ஒன்றுக்கு ஆறு டஜன். பிறந்து ஒன்பது வருஷமான எனக்கு ஒன்றுமில்லை.

மத்தியானம் அம்மா பின்பக்கம் துணி துவைத்தாள். சோப்பு நுரையில் வழுக்கி, தொட்டி விளிம்பில் வயிறு மோத விழுந்தாள். நான் மட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள்.

"ஒண்ணுமில்ல. ரத்தங்கூட வரல. அப்பாட்ட சொல்லிராத. விசேஷத்த நிறுத்திப்புடுவாக."

முந்தின வாரம்தான் நர்ஸம்மா வந்து சொல்லியிருந்தார். "வயித்துல அடிபட்டா, வலி இல்லேன்னாலும் ரத்தம் வரலேன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும். புள்ள அசைவு கொறைஞ்சாலும் வந்துரணும். விடியட்டும்னு இருக்கக் கூடாது." அம்மா அப்போது நன்றாகத் தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் அம்மா வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னம்மா என்றேன். "தூங்குது போல. அசையக் காணோம்" என்றாள். அப்போதும் அதன் பேச்சுதான்.

விசேஷத்த நிறுத்திப்புடுவாக என்று அவள் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நேராக அப்பாவிடம் போனேன். விழுந்ததைச் சொன்னேன். அசையாததைச் சொன்னேன். நர்ஸம்மா பேச்சை ஒப்பித்தேன். மறைக்கச் சொன்னதைக்கூட விடவில்லை.

அம்மா என்னை முறைத்தாள்.

"விடிஞ்சா விசேஷம். வளையலப் போட்டுட்டு கூட்டிப் போகலாமே அண்ணே" என்றாள் அத்தை.

"வளையலு எங்கயும் ஓடிராது. கெளம்பு" என்றார் அப்பா.

ஆட்டோவில் உசிலம்பட்டி போனார்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பக்கத்து வீட்டில் படுத்தேன்.

காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தேன். யாருமில்லை. பையை அவிழ்த்து வளையல் முழுவதையும் போட்டுக்கொண்டேன். தோள்வரை வந்தது. பார்க்க ஆள்தான் இல்லை.

மத்தியானம் அப்பா வந்தார். கைகளைப் பின்னால் மறைத்தேன். சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவர் திட்டவில்லை. மண்டிபோட்டு என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நஞ்சுக்கொடி உள்ளுக்குள்ளயே பிரிய ஆரம்பிச்சிருச்சாம்மா. ரத்தம் வெளிய தெரியலயாம். விடியட்டும்னு இருந்திருந்தா ரெண்டு உசுரும் இல்லேன்னாக. ஆபரேசன் பண்ணி எடுத்தாக. தம்பி பொறந்திருக்கான். ரெண்டு பேரும் நல்லாருக்காக. நீ சொன்னதால..."

அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

எனக்குப் பயமாகிவிட்டது.

"நாலுதாம்ப்பா ஒடஞ்சுச்சு" என்றேன்.