வெள்ளை பூத்த பெட்டி

நேற்று சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். அந்தப் பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் விரல் நுனியைத் துடைத்தாள். "இன்னும் குத்தவே இல்ல சார், அதுக்குள்ள கண்ணுல தண்ணியா?" என்று சிரித்தாள். வேலையைப் பாரம்மா என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ஸ்பிரிட் வாசனை மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி. எனக்கு அது சாந்தோமில் சேவியர் வீட்டு நடை.

சேவியரும் நானும் ஆழ்வார்பேட்டையில் ஒரே அலுவலகத்தில் வரைபடம் போட்டவர்கள். தொண்ணூறுகளின் நடுவில், இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகாத காலம். கடையில் விற்கும் ஸ்பீக்கரெல்லாம் தகர டப்பா என்பது அவன் கட்சி. ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் மட்டும் வாங்கி, ப்ளைவுட் அறுத்து, முழங்கால் உயரத்தில் இரண்டு பெட்டி செய்தோம். செய்தோம் என்பது பொய். அவன் செய்தான், நான் பலகையைப் பிடித்துக்கொண்டு குறை சொன்னேன். மேலே தேக்கு வெனீர் ஒட்டினான். அதை மரம் என்று நினைக்காதீர்கள், மரத்தின் தோல். தடித்த காகிதம் அளவுதான் இருக்கும்.

பாலிஷில் கை வைத்தால் அவனுக்குப் பூசை வைக்கும் பாதிரியார் முகம் வந்துவிடும். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, அதில் தோய்த்து வட்ட வட்டமாகத் தேய்ப்பான். ஒரு பூச்சு, ஒரு நாள் காத்திருப்பு, மறுபடி ஒரு பூச்சு. பத்துப் பூச்சு முடியாமல் உள்ளே ஸ்பீக்கரை மாட்ட மாட்டேன் என்று பிடிவாதம். அவன் அம்மா, பள்ளிக்கூட டீச்சர், மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் தாண்டிப் போவார். "தம்பி, நீயாவது சொல்லக் கூடாதா? இந்த நாத்தத்துல ஜெபமே மறந்துபோகுது."

ஐந்தாவது பூச்சின்போது அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை விமானம். வெளியே ஐப்பசி அடைமழை. "மச்சி, ஈரக் காத்துல அரக்கு போட்டா வெள்ளை பூத்துக்கும். மழை நிக்கிற வரைக்கும் கை வைக்காத" என்றான். மழை நிற்கிற வழியாக இல்லை. எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அவன் போவதற்குள் இரண்டு பெட்டியிலும் பாட்டு ஓட வேண்டும். எதிரே இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை அவன் துணி எடுக்கத் தி. நகர் போனான். நான் லீவு போட்டுவிட்டு அவன் வீட்டு நடையில் உட்கார்ந்து, ஒரே பகலில் நாலு பூச்சு போட்டேன். கண்ணெதிரே இரண்டு பெட்டியும் வெளுத்தன. பயத்தில் உப்புத்தாளை எடுத்து ஒன்றைப் பரபரவென்று தேய்த்தேன். வெள்ளை போனது. கூடவே தேக்கும் போனது. சொறி பிடித்த நாய் மாதிரி திட்டுத் திட்டாக ப்ளைவுட் தெரிந்தது.

சாயங்காலம் சேவியர் நனைந்துகொண்டு வந்தான். வெளுத்த பெட்டிதான் முதலில் கண்ணில் பட்டது.

"இன்னாடா இது, சாம்பல் புதனா? பொட்டிக்கும் நெத்தியில பூசிட்டியா?"

சிரித்துக்கொண்டே அதன் மேல்மூலையில் பெருவிரலை அழுத்திப் பார்த்தான். பூச்சு காயவில்லை, ரேகை பதிந்தது. அப்புறம்தான் மற்ற பெட்டியைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"எதுக்குடா தேச்ச? நல்ல வெயில்ல ஸ்பிரிட் பஞ்சால லேசா தொடச்சா போயிருக்குமேடா."

தப்பு செய்தவனுக்குத்தான் வாய் நீளும். "நீ போய்க்கினே இரு. காசு தேடிப் போறவனுக்குப் பாட்டு இன்னாத்துக்கு?" என்றேன்.

அந்த வருடத்தோடு அவன் அம்மாவுக்கு வேலை முடிகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவன் ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்தான்.

சனிக்கிழமை நான் வழியனுப்பப் போகவில்லை. திங்கட்கிழமை அவன் அம்மா வெளுத்த பெட்டியை ஆட்டோவில் வைத்து ராயப்பேட்டைக்கு, என் அறைக்கே கொண்டுவந்தார். "நல்லது உனக்காம் தம்பி. கெட்டுப்போனதை அவன் வந்து சரி பண்ணிக்கிறானாம்."

ஒரு மாதம் கழித்து அவனிடமிருந்து கடிதம். கடைசி வரி: "வெயில் வந்துச்சா? தொடச்சியா?" நீயே வந்து துடை என்று பதில் எழுதினேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் வேறு எப்படி எழுதுவான்? அவனுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் அங்கேயே மாரடைப்பு. முப்பது வயதுகூட ஆகவில்லை. பெட்டியில்தான் வந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் சித்திரை வெயில் கொளுத்தியது. நான் என் பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். நாலே இழுப்பு. வெள்ளை போயே போய்விட்டது. இவ்வளவுதானா என்று ஆத்திரம் பொங்கியது. ஆத்திரத்தில் மேல்மூலை வரைக்கும் இழுத்தேன். இழுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அந்த மூலையில் அவன் பெருவிரல் இருந்தது.

சேவியர் வீடு இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. அவன் அம்மாவும் இல்லை. மற்ற பெட்டி யார் வீட்டு அடுப்பில் எரிந்ததோ. என் பெட்டி மட்டும் இன்னும் பளபளவென்று இருக்கிறது, உள்ளே ஸ்பீக்கர் இல்லாமல்.

நேற்று அந்தப் பெண் துடைத்து முடித்ததும் விரலைத் திருப்பிப் பார்த்தேன். என் ரேகை அப்படியே இருந்தது.