சின்னம்மாவுக்குப் போட்ட கோடு

ஆறாம் மாதத்தில் எனக்குக் கால் துவளத் தொடங்கியது. ஆய்வுகூடத்துக்கு மூன்று மாடி ஏற வேண்டும். இரண்டாவதிலேயே நின்று சுவரைப் பிடித்துக்கொள்வேன். வேறொருத்தி என்றால், வயிற்றில் பிள்ளை, கால் துவளாமல் என்ன செய்யும் என்று விட்டிருப்பாள். என்னால் விட முடியவில்லை. எனக்குச் சின்னம்மாவின் கால்கள் நினைவுக்கு வந்துவிட்டன.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி, கடல் பக்கமாக இருந்தார். இமைகள் எப்போதும் பாதி மூடியபடி இருக்கும். நடையிலும் சக்தி இல்லை. சந்தைக்குப் போனால் வழியில் நாலு வீட்டு வாசலில் இருந்து இளைப்பாறித்தான் திரும்புவார். அது என்ன நோய், என்ன வருத்தம் என்று யாரும் பரிசோதித்ததில்லை. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்துப் பக்கம் ஓடியிருக்கிறார். வீட்டு ஒழுங்கை முடிந்து தெருவில் சேரும் இடத்தில் சின்னம்மாவின் முழங்கால்கள் மடிந்தன. தண்ணீர் இருவரையும் அடித்தது. அம்மாவை ஒரு தென்னை தடுத்துக்கொண்டது. சின்னம்மா கிடைக்கவே இல்லை. அப்போது நான் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்க்கும் வேலை கலங்களுக்குள் இருக்கும் இழைமணிகளைப் பற்றியது. மைட்டோகொண்ட்ரியா என்பார்களே, அதுதான். உடம்புக்குச் சக்தி தருவது அது. அது பழுதானால் முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் தசையும் இமையும் உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் ஒரே தாய். அந்தத் தாயிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து என் வயிற்றுப் பிள்ளைக்கு. என் கணவரிடம், "உங்களுக்கு இதில் பங்கே இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். இரத்தப் பரிசோதனையில் இந்தப் பழுது தப்பிவிடலாம் என்பதும் எனக்குத் தெரிந்து தொலைத்திருந்தது. ஊரான் பிள்ளைகளின் தசை மாதிரிகளை ஆயிரம் தரம் திறந்து பார்த்தவள், என் மாதிரியை எடுக்கக்கூடத் துணியவில்லை.

நாட்டில் சண்டை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தேன். குடும்பத்தில் வேறு யாருக்கு இந்த வருத்தம் இருந்தது என்று அம்மாவிடம் கேட்டே ஆகவேண்டும். டொக்டருக்குக் காட்டுவதற்காக ஒரு வம்சப் படமும் வரைந்து வைத்திருந்தேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், வருத்தக்காரருக்கு உள்ளே கறுப்பு. வழியில் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் அந்தக் கடதாசியை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏதோ முகாமின் வரைபடம் என்று நினைத்திருப்பான். கறுப்பு வட்டத்தில் விரலை வைத்து, "இது என்ன?" என்றான்.

"சின்னம்மா" என்றேன்.

என் முகத்தையும் வயிற்றையும் பார்த்தான். கடதாசியை மடித்துத் தந்துவிட்டான். பத்து வருசத்துக்கு முன்னர் என்றால் அந்தப் படத்துக்காக என்னை அரைநாள் வெயிலில் நிறுத்தியிருப்பார்கள்.

வீட்டில் அம்மா முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தேன். மகளே என்பதை வழக்கம்போல மனே என்று அழைத்து, அவரே கேட்டார்.

"அங்க போய் என்னத்தத்தான் பாக்கிறாய் மனே? ஒருநாளும் விளங்கச் சொன்னதில்ல."

சொன்னேன். கலத்துக்குள் அடுப்பு மாதிரி ஒன்று எரிகிறது. ஆதியில் அது வெளியில் இருந்து வந்த கிருமி. வந்தது போகவில்லை, உள்ளேயே தங்கிவிட்டது. அது தன் வேலைக்கென்று துண்டுக் கடிதம் மாதிரி ஆர்.என்.ஏ. எழுதிக்கொள்ளும். வேலை முடிந்தால் அவற்றைக் கிழித்துவிட வேண்டும். கிழிக்காமல் குவிந்து வெளியே கசிந்தால், கலம் அதைத் தன் வீட்டுச் சாமான் என்று அடையாளம் காணாது. வைரஸ் வந்துவிட்டது என்று அமர்க்களப்படும். நான் பார்ப்பது அந்தக் கிழிக்கிற வேலையை.

"குப்பை கூட்டுறதப் பாக்கிறதுக்கா இவ்வளவு படிப்பு?" என்றார் அம்மா.

"அது தாய்வழியிலதான் வரும் அம்மா. அப்பாட பக்கத்தால வராது."

"குடி மாதிரி."

"ஓம். குடி மாதிரித்தான்."

அம்மாவுக்கு இதில் ஒரு புதினமும் இல்லை. குடி என்றால் குலம்; எங்கள் பகுதியில் பிள்ளைக்குத் தாயின் குடிதான். ஒருத்தியின் வயிற்றில் தொடங்கி மகள், மகளின் மகள் என்று இறங்குகிறவர்கள் ஒரே வயிற்றுவார். கோயிலில் எந்த நாள் யாருடைய திருவிழா என்பதும், யார் யாரைக் கலியாணம் முடிக்கலாம் என்பதும் அதை வைத்துத்தான். நான் கண்ணாடிக் குழாய்களோடு கிடந்து படித்ததை அம்மா கோயில் வீதியிலேயே படித்து முடித்திருந்தார்.

பிறகு கடதாசியை விரித்தேன். சின்னம்மாவின் கறுப்பு வட்டத்தையும், அதற்கு மேலே அவர்களுடைய தாயான அம்மம்மாவையும், கீழே என்னையும் காட்டினேன். என் காலைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைக்கும் வரலாம் என்றேன். சொல்லச் சொல்ல அம்மாவின் கை இலையில் நின்றுவிட்டது. தன் தாயை நான் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்கிறாரோ என்று பயந்தேன். அவர் எழுந்து போய் வாசல் படலையைச் சாத்திவிட்டு வந்தார்.

"வெளியில இருந்து வந்ததெண்டு சொன்னியே. அத இப்ப ஆரும் பிறத்தி எண்டு சொல்லுவாங்களா?"

"இல்லம்மா. அது இல்லாட்டி நாங்களே இல்ல."

"அப்ப கேள். உன்ட சின்னம்மா எங்கட அம்மாட வயித்தில பிறக்கல்ல."

நான் பிறப்பதற்கு இருபது வருசம் முன்னர் வந்த பெரிய வெள்ளத்தில் அது நடந்திருக்கிறது. அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. வெள்ளம் மூடிய வயல் வட்டைக்குள்ளால், நெற்கதிருக்கு மேலாகத் தோணி வலித்துவந்த அவருடைய அப்பா, நனைந்த ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து அம்மம்மாவின் மடியில் போட்டாராம். குழந்தையின் தாய் செத்துவிட்டாள். தேடி யாரும் வரவில்லை.

"அவளுக்குக் கலியாணம் பேசக்குள்ள பொண்ணு என்ன குடி எண்டு கேட்டாங்க. எங்கட குடி எண்டு அம்மா சொன்னா. அத அவ பொய்யெண்டு நினைச்சதே இல்ல. நானும் இண்டுவரைக்கும் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல. உன்ட வயித்துப் புள்ளைக்காகச் சொல்றன்."

எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. முருங்கை இலைச் சுண்டலோடு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். சின்னம்மா என் இரத்தம் இல்லை என்று கேட்டு இப்படிச் சந்தோசப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் சந்தோசப்பட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் ஒருவர் என் கையை நீட்டச் சொல்லி, காலைத் தட்டி, இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது.

"அங்க இரும்புக் குளிசை தரல்லயா?"

மாத்திரைகளைத் தந்திருந்தார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்று நான்தான் குடிக்காமல் விட்டிருந்தேன். உடம்பின் நுண்ணிய இரகசியம் எல்லாம் படித்தவள் ஒரு குளிசையைக் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரிக் கோப்பில் பிழை இருக்கக் கூடாது என்று படத்தைப் புதிதாக வரைந்தேன். தத்தெடுத்த பிள்ளை என்றால் கோட்டை விட்டு விட்டுப் போடுவதுதான் முறை. அம்மா தேத்தண்ணீரோடு வந்து குனிந்து பார்த்தார்.

"அவள்ட கோட்ட மட்டும் ஏன் விட்டு விட்டுப் போட்டிருக்காய்?"

"இப்பிடித்தான் போடுறது அம்மா. எடுத்து வளர்த்தாக்களுக்கு."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்டைக்குத் தண்ணி பறிச்சதோ, நான்தான் கைய விட்டனோ, எனக்கு இன்னமும் தெரியா. மறுகா இன்னொருக்கா அவள விட ஒண்ணா மனே. முழுசாப் போடு."

நான் பேனையை எடுத்து இடைவெளிகளை ஒவ்வொன்றாக நிரப்பினேன். கடைசி இடைவெளி மூடும்வரை அம்மா பக்கத்திலேயே நின்றார்.