இல்லாத தங்கையின் கல்யாணம்

என் மாமனார் பக்தவத்சலம் எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் பாகிஸ்தான் டாங்கி ஒன்றைத் தனியாளாக மடக்கியவர். அப்போது அவருக்கு வயது ஒன்பது. இந்தக் கணக்கு அவர் மகளும் என் மனைவியுமான வைஷாலி போட்டது. "அப்பா, நீங்க அப்ப நாலாங்கிளாஸ்" என்று அவள் சொன்னால், "அதனாலதான் எதிரிக்கு என் மேல சந்தேகமே வரல" என்பார்.

கார்கிலிலும் இருந்தாராம். அந்தச் சமயம் அவர் மெட்ராஸ் ரெஜிமெண்டிலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, புனே பக்கம் சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தார். கேட்டால், ரகசியமாகக் கூப்பிட்டார்கள், ரகசியமாகப் போய்விட்டு ரகசியமாக வந்துவிட்டேன் என்பார். அந்த மாதம் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் வேலைக்குப் போனதற்குத் தொழிற்சாலை கொடுத்த சுவர்க் கடிகாரம் இன்னும் ஹாலில் ஓடுகிறது.

நான் கோயமுத்தூர்க்காரன், ராம்பிரசாத். ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. கோர்படியில் மாமனார் வீட்டிலேயே இருக்கிறேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். கம்பெனி காரில் டிராஃபிக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பொறுமை என்பதே தீர்ந்துபோய்விட்டது. அதனால் மாமனாரின் வீர சரித்திரம் ஆரம்பித்தால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வேன்.

அலுக்காமல் கேட்கும் ஒரே ஜீவன் கர்னைல் சிங். லாரிகள் வைத்திருந்தவர். சாகண் தொழிற்சாலை வாசலில் அவர் லாரியை உள்ளே விடாமல் மாமனார் நிறுத்த, இருவரும் தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டார்களாம். சிநேகம் அங்கே ஆரம்பித்ததுதான், கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இப்போது லாரிகளை மகன் பார்த்துக்கொள்கிறான். கர்னைல் சிங் காலையில் கோர்படி ரயில்வே கேட் பக்கத்து டீக்கடைக்கு வந்துவிடுவார். மாமனார் அங்கே முன்னதாகவே இருப்பார்.

"ஓய் மதராஸி, போன மாசம் ஒரு டாங்கிதானே? இன்னிக்கு மூணு எப்படி ஆச்சு?"

"குட்டி போட்டுடுச்சு சர்தார்ஜி."

கர்னைல் சிங் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். கேட்டில் நிற்கிற பைக் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இருவரும் பேசுவது இந்தியில். தமிழாக்கம் என்னுடையது, குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நடந்த போர், நடக்காத போர் எல்லாவற்றிலும் இருந்த மனிதர் ஒன்றில் மட்டும் இல்லை என்றார். எண்பத்து நாலு ஜூன். அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ஆயுதங்களோடு இருந்தவர்களை வெளியேற்ற ராணுவம் டாங்கிகளோடு உள்ளே போனது. யாத்திரை வந்த ஜனங்களும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஒப்புக்கொள்வதில்லை. அதற்குப் பிறகு பிரதமர் சுடப்பட்டார், டெல்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அப்போது தரைப்படைத் தளபதியாக இருந்தவர் ஓய்வு பெற்று வந்த பிறகு இதே புனேயில், காரில் போகும்போது சுடப்பட்டார். அந்த ஜூனில் குருவின் நினைவு நாளுக்கென்று பொற்கோயிலுக்குப் போயிருந்த ஒரு பையன் வீடு திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவன் கர்னைல் சிங்கின் சித்தப்பா மகன். இருவரும் ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள். ஒவ்வொரு ஜூன் முதல் வாரமும் கர்னைல் சிங் டீக்கடைக்கு வரமாட்டார், குருத்வாராவிலேயே இருப்பார். அதே வாரம் மாமனாருக்கும் வருஷம் தவறாமல் வயிறு கெட்டுப்போகும்.

பழகிய புதிதில் கர்னைல் சிங் கேட்டாராம்: "அப்ப நீ எங்க இருந்தே?"

"லீவுல ஊருக்குப் போயிருந்தேன். தங்கச்சி கல்யாணம்."

வாஹேகுரு உன்னைக் காப்பாற்றினார் என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாராம். என் மாமனாருக்குத் தங்கையே கிடையாது. ஒரே பிள்ளை. வேலூர்ப் பக்கம் அவருக்கிருந்த நிலத்துக்குப் பங்கு கேட்க யாரும் வராததிலிருந்தே எனக்கு இது தெரியும். அறுநூறு பொய்யில் இது இன்னொன்று என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் கர்னைல் சிங்குக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது. நடக்க முடிந்தால் அமிர்தசரஸ் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தார். நடந்துவிட்டார். இரண்டு தம்பதிகளுக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து நீட்டினார். என் மாமியார் விசாலாக்ஷி அன்றே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். மாமனார் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிட்டது.

அதன் பிறகு அவர் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. முதலில் முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு தலை சுற்றியது. நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, "காக்கா, நீங்க காசி ராமேஸ்வரமே போய் வரலாம்" என்று டாக்டர் சொன்னார். பெரியவர்களை இங்கே மராத்தியில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் டாக்டரை முறைத்தார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் மீட்டிங்கில் இருக்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மாப்ள, ஆபீஸ் வேலையா எங்கியோ போறேன், வீட்ல ஆம்பள துணை வேணும், மாமா வர முடியாதுன்னு சர்தார்ஜிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்."

எனக்கு வந்ததே கோபம். "மாமா, உங்க பொய்யெல்லாம் போதாதுன்னு என்னையும் ஒண்ணு சொல்லச் சொல்றீங்ளா? புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் எழுந்து போனார். மாமியார்தான் வந்து கதவைச் சாத்தினார். "அவரு அங்க இருந்தாரு மாப்ள. துப்பாக்கி எடுத்துகினு உள்ள போனவரு. கல்யாணமான புதுசுல ஒரு தபா சொன்னாரு, அதோட சரி. இப்ப இந்த மனுஷன் கூட அங்க எப்டி போயி நிப்பாரு?"

இத்தனை வருஷமும் அந்த மனிதர் பொய்யைச் சுற்றிலும் குவித்து நடுவில் ஓர் உண்மையை மூடி வைத்திருக்கிறார், நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை டீக்கடைக்கு என்னையும் வரச் சொன்னார். துணைக்கு என்று சொல்லவில்லை, பால் பாக்கெட் தூக்க என்றார். கர்னைல் சிங் ரயிலில் தின்பதற்கு என்னென்ன கட்டிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்திருந்தார்.

"சர்தார்ஜி, நான் வரல" என்றார் மாமனார். "எண்பத்து நாலுல நான் அங்க இருந்தேன். உள்ள போன பட்டாளத்துல இருந்தேன்."

கர்னைல் சிங் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார். டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. "ஓய் மதராஸி! அதையும் விடலியா? எழுபத்தொண்ணு, கார்கில், இப்ப இதுவுமா? எத்தனை டாங்கி?"

"டாங்கி எல்லாம் எனக்குத் தெரியாது. நான் தரையில படுத்துக் கெடந்தேன். கல்லு சுட்டுது. பக்கத்துல இருந்த பையன் செத்துப்போனான். நான் சுட்டேன். யார் மேல பட்டுதுன்னு தெரியல. காலையில பார்த்தா பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம் கெடந்தாங்க."

கர்னைல் சிங்கின் சிரிப்பு இன்னும் முழுசாக நிற்கவில்லை. "அப்ப தங்கச்சி கல்யாணம்?"

"எனக்குத் தங்கச்சியே கிடையாது."

கர்னைல் சிங் டம்ளரை பெஞ்சில் வைத்தார். இவர் சொன்ன எந்தக் கதையிலும் இவர் பயந்ததில்லை, தரையில் படுத்ததில்லை, ஜெயிக்காமல் வந்ததில்லை. அது அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் பார்த்தேன்.

"கோயிலுக்குள்ள பூட்ஸ் போட்டிருந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"போட்டிருந்தேன்."

எழுந்து போய்விட்டார். கேட் மூடியிருந்தது. ரயில் போகும்வரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திறந்ததும் தாண்டிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மாமனார் மட்டும் போய் உட்கார்ந்து, ஒரு டீ குடித்துவிட்டு வருவார். வீட்டில் போர் ஓய்ந்துவிட்டது. சாப்பாட்டு வேளையில் டாங்கி இல்லை, எதிரி இல்லை. எனக்கே தாங்கவில்லை. ஒருநாள் நானே வாய்விட்டு, "மாமா, கார்கில்ல என்னாச்சுங்க?" என்று கேட்டேன். "நான் எங்க மாப்ள அங்க போனேன்?" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

பத்து நாள் போயிருக்கும். சாயங்காலம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கர்னைல் சிங். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்து மாமனாருக்கு எதிரே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். பாதி இந்தி, பாதி பஞ்சாபி. அவர் தம்பி எப்படிச் சிரிப்பான், அவன் அம்மா எத்தனை வருஷம் வாசற்கதவைத் தாழ் போடாமல் தூங்கினாள், நீ என் வீட்டு ரொட்டியைத் தின்றுகொண்டு எப்படிச் சும்மா இருந்தாய், உனக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா. குரல் கீழ்வீடு வரை கேட்டிருக்கும். ஒருவரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடாத என் மாமனார் வாயே திறக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

மாமியார் வைத்த காபி ஆடை கட்டியது. ஒரு கட்டத்தில் கர்னைல் சிங்குக்கு மூச்சு வாங்கியது.

"இத்தனை நாள் சோறு இறங்கல எனக்கு" என்றார். "இதை யார்கிட்டயாவது சொல்லணும். யார்கிட்டச் சொல்லுவேன்? பெண்டாட்டிகிட்ட முடியாது, பையனுக்குப் புரியாது. இருபத்தஞ்சு வருஷமா எது வந்தாலும் உன்கிட்டத்தானே சொல்றேன், படுபாவி!"

மாமியார் மெதுவாக, டிக்கெட்டை என்ன செய்வது என்று கேட்டார்.

"தெரியல அண்ணி. இவனை அங்க கூட்டிட்டுப் போவேனான்னு எனக்கே தெரியல. முதல்ல திட்டி முடிக்கணும். பாதிகூட ஆகல. நாளைக்கு வரேன்."

மறுநாள் சாயங்காலம் நான் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே வந்தேன். மாமனார் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காபியைக் கொஞ்சம் தாமதமாகக் கலக்கும்படி மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திட்டு வாங்க இப்படிக் காத்திருந்த மனிதரை நான் பார்த்ததில்லை. மணி அடித்ததும் என்னைத் தள்ளிவிட்டு அவரே ஓடிப்போய்த் திறந்தார்.