கரிக்காத சுவர்

நல்ல வீடு ஒன்றை உப்பு வீடு என்று ஊர் பேச வைத்தேன். அதற்கு ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. துப்பினேன், அவ்வளவுதான்.

பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றபின், வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துச் சொல்லிவந்தேன். நடுத்தர வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய். கான்கிரீட்டைத் துளைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் அந்தச் செலவு தனி. லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்கள் இதற்கு மூக்கால் அழுவார்கள். "சுவத்தத் தட்டிப் பாக்கதுக்கா அண்ணாச்சி இவ்வளவு? கொத்தனாரக் கூட்டியாந்தா ஒரு டீயோட முடிஞ்சிரும்."

திசையன்விளையில் ஒரு வீட்டைப் பார்க்க ஒரு கடைக்காரர் கூப்பிட்டார். விற்பவர் யார் என்று தெரிந்ததும் கூலியே வேண்டாம் என்றேன். என்னோடு வேலை பார்த்தவர். என் மகளுக்கு வலிப்பு உண்டு என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிக் கல்யாணத்தைக் கலைத்தவர். அதன்பின் அவள் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. இப்போது அவர் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு, வைத்தியத்துக்காக வீட்டை விற்கிறார். அதுவும் தெரிந்துதான் போனேன்.

அந்தப் பக்கம் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். அதில் கட்டினால் கம்பி துருப்பிடித்துத் தளம் உதிரும். அதனால் சுவர்ப் பூச்சைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். வைத்தேன். கரிப்பே இல்லை. முகத்தைச் சுளித்து முற்றத்தில் காறித் துப்பினேன்.

"கரிக்குதோ?" என்றார் கடைக்காரர்.

வாயைக் காட்டி, கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்தது வீட்டுக்காரரேதான். பைய, ரசித்து, கொப்பளித்தேன். அன்று மதியச் சாப்பாடு அத்தனை ருசித்தது.

கடைக்காரர் பின்வாங்கினார். உப்பு வீடு என்ற பேச்சு பரவி, பிறகு வந்தவர்களும் வாங்கவில்லை. ஒரு நாள் பேருந்து நிலையத்தில் அவர் மனைவியைப் பார்த்தேன். முகம் வீங்கி, படியேற முடியாமல் நின்றார். அந்த வாரமே வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எம் மவளுக்காவத்தான் செஞ்சேன்."

"நாஞ் சொன்னது நெசம் வே. நீரு துப்புனதுதான் பொய்."

உண்மைதான். மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் வலிப்பை மறைத்திருந்தேன். அப்போதும் அவர் கழுத்தைப் பிடிக்கத்தான் கை துடித்தது. பணம் தருகிறேன் என்றேன்.

"ஒம்ம துட்டு வேண்டாம். வாங்க வாறவன் முன்னால வந்து சுவத்த நக்கும்."

என் செலவில் கான்கிரீட்டைச் சோதித்தேன், குறையில்லை. ஆள் வரும்போதெல்லாம் போய்ச் சுரண்டி, நாக்கில் வைத்து, விழுங்கியும் காட்டினேன். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டார்: "இந்த அண்ணாச்சிக்கு எவ்வளவு குடுத்தீரு?" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

கடைசியில் வீடு வெறும் மனை விலைக்குத்தான் போனது. வாங்கியவர் கட்டடத்தை இடித்துக்கொண்டிருக்கிறார். கிடைத்த பணம் வைத்தியத்துக்கு எவ்வளவு நாள் தாங்கும் என்று வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.